மாமனார் ஊட்டுக் கம்பைலர்

எரர் ஒன்று என்றது திரை.

கிருபாசங்கர் அதை மரியாதையாகப் படித்தான். கான்ஸ்ட் பாயிண்டரைச் சாதா பாயிண்டராக மாற்ற முடியாதாம். கான்ஸ்ட் என்றால் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. அவனுடைய புரோகிராம் கை வைத்திருந்தது.

எந்த வரியில் என்பதையும் திரையே காட்டியது. அந்த வரியை என்ன செய்வது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. சீனியர் எழுதியதை மனப்பாடம் செய்து வந்திருந்தான். நடுவில் ஒரு சொல்லை எடுத்தால் மிச்சமெல்லாம் மறந்துபோகும்.

இது அரியர் பிராக்டிகல். பாஸானால் பெங்களூரில் வேலை. இல்லையென்றால் உடுமலைப்பேட்டையில் அப்பாவின் தேங்காய் மண்டி. அவர் நம்பிக்கையோடு ஒரு நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டார்.

சீனியர் அந்தப் புரோகிராமை எழுதி ஓட்டியது லேபின் மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில். எழுதிய புரோகிராமைச் சரிபார்த்து ஓடவைக்கிற கம்பைலரும் அதில் பழையது. புதியது எரர் என்று நிறுத்துகிற இடத்தில், அது வார்னிங் என்று முணுமுணுத்துவிட்டு ஓட்டிவிடும்.

வகுப்பில் அதற்கு மாமனார் ஊடு என்று பெயர். முகத்தைச் சுளிக்கும். ஆனால் இலை போடாமல் அனுப்பாது.

கிருபாசங்கர் எழுந்தான். வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் வெங்கடபதி நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து யாரையும் பாஸாக்காத முகம்.

"சார், இதுல எண்டர் அமுங்க மாட்டேங்குதுங்க. அந்த மெஷினுக்குப் போய்க்கட்டுங்களா?"

"இத்தன நேரம் எதைய அமுக்கீட்டு இருந்தே? போ."

ஃபிளாப்பியோடு மூலைக்குப் போனான். வார்னிங் ஒன்று. எரர் இல்லை. கொடுத்த பெயரை புரோகிராம் அழகாகத் தலைகீழாக்கிக் காட்டியது.

வெங்கடபதி வந்து பின்னால் நின்றார். தலைகீழான பெயரைப் பார்க்கவில்லை. வார்னிங்கைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"மறுக்கா ஓட்டு."

ஓட்டினான்.

"இன்னொருக்கா."

கிருபாசங்கரின் காதில் தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"அந்த மெஷின்ல எரர்னு நின்னுச்சு. இங்க ஓடுது. அதானே?"

"ஆமாங்க சார்." எண்டர் பொத்தான் விவகாரம் அதோடு முடிந்தது.

வெங்கடபதி பேனாவைத் திறந்து மதிப்பெண் போட்டார். கிருபாசங்கர் எட்டிப் பார்த்தான். பாஸ்.

அவன் நம்பாமல் இன்னொரு முறை எட்டிப் பார்ப்பதற்குள், அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்தக் கல்லூரியின் இன்டர்னல் டீ குடிக்கப் போயிருந்தார். வெங்கடபதி குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, அந்தக் கம்பைலரை ஒரு ஃபிளாப்பில போட்டுக் குடுங்க. திங்கக்கிழமை எம்பட பிஎச்டி புரோகிராமைக் கைடு முன்னால ஓட்டிக் காட்டோணும். அது ரெண்டு மாசமா இதே எரர்லதானுங்க நிக்குது."