மாட்டுக்குப் போடுற மாதிரி

"அப்படின்னா, செத்தாத்தான் தருவீங்களா?"

"ஆமாங்க. அன்னிக்கே கேட்டேனே, வைத்தியத்துக்கும் சேர்த்துப் போடவான்னு? நீங்கதான் மாட்டுக்குப் போடுற மாதிரியே போதும்னு சொல்லிக்கினு இருந்தீங்க."

காப்பீட்டு முகவரின் குரல் கைப்பேசியிலிருந்து கிளம்பி, கால்நடை மருத்துவரின் சிறிய அறை முழுக்கக் கேட்கிறது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் சிங்காரவேல், தலைக்கவசத்தைக் கழற்றவும் மறந்து நிற்கிறார். முத்தாண்டிக்குப்பத்தில் அவர் அறிந்த காப்பீடு மாட்டுக்கு எடுப்பது ஒன்றுதான். காதில் மஞ்சள் வில்லை குத்துவார்கள், மாடு செத்தால் பணம் வரும். அதே மாதிரி அவர் காப்பீடு எடுத்திருந்த நாய் ரூபி இரும்பு மேசையில் கிடக்கிறது. அது விழுங்கிய பலாக்கொட்டை குடலை அடைத்துக்கொண்டிருக்கிறது. கரித்தூசி படிந்த சன்னல் வழியே வரும் பழுப்பு வெயில் அதன் வயிற்றில் விழுந்து, மூச்சோடு ஏறி இறங்குகிறது. மகள் பவித்ரா அதன் காதைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். வில்லை குத்தாத, மெத்தென்ற காது சுடுகிறது. தூரத்தில் ஷிப்ட் சங்கு ஊதுகிறது. அதைக் கேட்டதும் அப்பா வருவாரென்று தெருமுனைக்கு ஓடும் ரூபி, இன்று வாலை மட்டும் ஒருமுறை அசைக்கிறது.

"இப்ப மாத்திக்க முடியாதுங்களா?"

"வந்துட்ட நோய்க்கு முடியாதுங்க. தவறிட்டா ஒரு போட்டோ அனுப்புங்க, சீக்கிரமே பணம் வாங்கிடலாம்."

மருத்துவர் கையுறைகளை மாட்டாமல் கையிலேயே வைத்திருக்கிறார். "சாயங்காலத்துக்குள்ள வயித்த அறுத்துக் கொட்டையை எடுக்கணும். செலவைச் சொல்லிட்டேன், ரெண்டு மாசச் சம்பளம் போயிடும். நீங்கதான் முடிவு பண்ணணும்."

சிங்காரவேல் அணைந்துபோன கைப்பேசியையே பார்க்கிறார். மேசையின் பக்கம் அவர் திரும்பவில்லை.

"அப்பா, அறுக்கச் சொல்லுப்பா."