கிளம்ப இருந்த பெஞ்சு

பங்களாத் தெருப் பூங்காவுக்குப் போகவேண்டிய இரும்பு பெஞ்சை, லாரிக்காரர் தவறுதலாக ஹவுசிங் போர்டு பூங்காவில் இறக்கிவிட்டார்.

"இதென்ன கூத்து! காலையில எம்மேல வடகம் காயுது. மத்தியானம் நைட் டூட்டி பார்த்தவர் குறட்டை விடுறார். சாயங்காலமானா பேன் பார்க்கிறாங்க. காத்து வாங்க ஒருத்தராவது வர்றாங்களா?" என்று பக்கத்துப் புங்க மரத்திடம் புலம்பியது பெஞ்சு.

"எங்கிளையில தூளி கட்டுறாங்க. நான் ஏதாவது சொன்னேனா?" என்றது மரம்.

ஞாயிற்றுக்கிழமை லாரி திரும்பி வந்தது. "அப்பாடா!" என்றது பெஞ்சு.

அந்த நேரம் பார்த்து, எதிர் பிளாக் கலைமணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்திரிங்க, பெஞ்சை எடுக்கணும்" என்றார் லாரிக்காரர். வந்தவர்கள் முகம் சுருங்கி எழுந்தார்கள்.

கலைமணியின் அம்மா ஓடிவந்தாள். "அண்ணே, எங்க வீடு ஒரே ரூமு. இதுதான் எங்க ஹாலு. இதையும் தூக்கிட்டுப் போனா இவங்களை எங்க உட்கார வைப்பேன்?"

லாரிக்காரர் காதில் வாங்கவில்லை. ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கினார். பெஞ்சு அசையவே இல்லை. நான்கு கால்களையும் மண்ணுக்குள் அழுத்தி ஊன்றிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, கிளம்பலையா?" என்றது மரம்.

"சும்மா இரு. பொண்ணு காப்பித் தட்டோட வருது" என்றது பெஞ்சு.