மாமன்னரின் சாதனைகளை விளக்குக

வரலாற்று டீச்சர் போட்டிருந்த ஐந்து மதிப்பெண்ணைப் பச்சை மையால் அடித்துவிட்டு, மேலே பூஜ்யம் போட்டார் தலைமைத் தேர்வாளர் ஞானசிகாமணி.

முப்பத்தெட்டு, முப்பத்துமூன்றானது.

பத்தாம் வகுப்பு விடைத்தாள். யாரோ முகம் தெரியாத பிள்ளை. இப்போது இரண்டு மதிப்பெண்ணில் ஃபெயில்.

'மாமன்னரின் சாதனைகளை விளக்குக' என்பது கேள்வி.

பிள்ளை கோணல்மாணலாக எழுதியிருந்தது:

'அவர் பக்கத்து நாட்டு ஊர்களை எரித்தார். பெண்களைப் பிடித்து வந்து அடிமையாக்கினார். அந்த ஊர்களில் என் வயதுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். இது சாதனை இல்லை.'

இருபது வருடமாக அவள் வரலாறு திருத்துகிறாள். கட்டுக்கட்டாக ஒரே மனப்பாடம். இப்படி ஒருவரும் எழுதியதில்லை. படித்த வேகத்தில் ஐந்தைப் போட்டுவிட்டிருந்தாள்.

"எதுக்கு சார் அடிச்சீங்க?"

கேட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் பேனாவை நிறுத்தினார்கள்.

"கேள்வி என்ன, இது எழுதியிருக்கறது என்ன? எவ்வளவு பெரிய ராஜா! அவரைப் போய் வில்லன் மாதிரி..."

அவள் விடைக்குறிப்பை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

மூன்றாவது குறிப்பு: பகைவர் நகரங்களைத் தீக்கிரையாக்கினார். ஒரு மதிப்பெண்.

நான்காவது: பகைநாட்டு மகளிரைச் சிறைபிடித்து வந்தார். ஒரு மதிப்பெண்.

"இதைத்தானே சார் இந்தப் பிள்ளையும் எழுதியிருக்கு? எரிச்சாருன்னு நாம எழுதினா வீரம். அது எழுதினா பூஜ்யமா?"

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி டீச்சர். முதல் ரெண்டு வரிக்கு மட்டும் டிக் போட்டு ஒவ்வொண்ணு குடுங்க. குறிப்புல இருக்கு, யாரும் கேக்க முடியாது. மிச்சத்த அடிச்சிருங்க."

அவள் அவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"பிள்ளை பாஸாகணுமா வேணாமா?"

உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

'என் வயதுப் பிள்ளைகளும்' மேல் கோடு இழுத்தாள்.

'இது சாதனை இல்லை' மேலும்.

எரித்ததற்கு ஒன்று.

அடிமையாக்கியதற்கு ஒன்று.

முப்பத்தைந்து.

"பாத்தீங்களா, முடிஞ்சுது" என்று சிரித்துக்கொண்டே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார் அவர்.

டிக் விழுந்த இரண்டு இடங்களிலும் தாள் கிழிந்திருந்தது.