வேகம் பத்தல

“வேகம் பத்தல தம்பி,” என்று கேசட்டை மேசைமேல் வைத்தார் சிவானந்தம். “ஆளுங்க பாதியிலேயே சோர்ந்து போயிடுறாங்க.”

உமாபதிக்கு அலுத்துப்போனது. போன முறையும் இதே பேச்சுத்தான், அதற்கு முந்தின முறையும் இதேதான். கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கிறார், சில நாள் கழித்துத் திரும்பி வருகிறார்.

கோலாலம்பூருக்குப் பக்கத்து ரவாங்கில் கேசட் பதிந்து கொடுக்கும் கடையின் பின்னறையில்தான் அவனுக்கு வேலை. எண்பத்தாறில் அந்த வட்டாரத்திலேயே இரண்டு இசைத்தட்டுகளை ஒரே சமயத்தில் சுழலவிட்டு டிஸ்கோ மிக்ஸ் செய்யத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் கேட்டு, இரண்டின் அடியும் ஒன்றாக விழும்வரை வேகத்தை விரலால் கூட்டிக் குறைத்து, ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் சேர்த்துவிடுவான். கல்யாண டின்னரில் அவன் கேசட் ஓடினால் மாமன்மார்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள்.

இந்த மனிதரிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. பாட்டில் குரலே வரக்கூடாதாம், வந்தால் எல்லாரும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடுவார்களாம். நடுவில் அடியை நிறுத்தி, ஆளைத் தவிக்கவிட்டு, மறுபடி தடாலென்று இறக்குவான். அவனுக்குக் கைதட்டல் வாங்கித் தரும் இடமே அதுதான். அதுவும் வேண்டாமாம். ஒவ்வொரு பாட்டும் முந்தியதைவிட மயிரிழை வேகமாகப் போய்க்கொண்டே இருந்தால் போதுமாம்.

“வேகம் ஏறுறது ஆளுங்களுக்குத் தெரியக்கூடாது,” என்று முதல் நாளே சொல்லியிருந்தார். எங்கே போடப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, பெரிய ஹால், நிறையப் பெண்பிள்ளைகள் இருப்பார்கள் என்றார். கழுத்தில் டை, கையில் கார் சாவி. கோலாலம்பூரில் ஏதோ பெரிய ஹோட்டல் என்று உமாபதி தானே முடிவு கட்டிக்கொண்டான்.

“எப்ப சார் சோர்ந்து போறாங்க?”

“சாப்பாட்டுக்கு அப்புறந்தான். அந்த எடத்துல நல்லா ஏத்திக் குடு.”

வயிறு முட்டத் தின்றுவிட்டு ஆடினால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது? வாய்வரை வந்ததை உமாபதி விழுங்கிக்கொண்டான். இது சரியாக அமைந்தால் மாதாமாதம் அவனிடமே கொடுப்பதாக மனிதர் ஆசை காட்டியிருந்தார். அப்படி ஒரு நிரந்தர வரும்படி வந்தால் தங்கச்சி கங்காவை ஃபேக்டரி வேலையிலிருந்து நிறுத்திவிடலாம். அதற்காகத்தான் இவ்வளவு பொறுமையும்.

கங்காவுக்கு ரேடியோ செய்யும் ஃபேக்டரியில் வேலை. விடிந்ததும் எஸ்டேட் வாசலில் பஸ் ஏறிப் போய், நாள் முழுக்கப் பலகைகளில் பொடிப்பொடிக் கம்பிகளைச் செருகுவாள். கொஞ்ச நாளாக அவள் பாடு பெரும்பாடாக இருந்தது. சொன்ன எண்ணிக்கையை முடிக்காதவர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

நேற்றுக்கூட விரல் நுனிகளில் பிளாஸ்டரோடு சாப்பிட உட்கார்ந்தாள். சோறு அப்படியே இருக்க, விரல்கள் தட்டின் ஓரத்தில் தட்டிக்கொண்டே இருந்தன. என்னவென்று கேட்டான்.

“தெரியலண்ணே. கை தானா ஓடுது. நிறுத்துனாலும் நிக்க மாட்டேங்குது.”

அந்த ஃபேக்டரிக்காரன் விளங்கவே மாட்டான் என்று உமாபதி வாயாரச் சபித்தான்.

சிவானந்தம் போனதும் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பாதி பதிந்தபோது வெளியே ஒரு லோரி போய் ஊசி எகிறியது. இன்னொரு முறை நல்ல இடத்தில் கரண்ட் போனது. எல்லாவற்றையும் தூக்கி ரோட்டில் எறியலாம் போல இருந்தது அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு பழைய பாட்டுகளையே பழைய வரிசையில் அடுக்கி, ஆரம்பத்திலிருந்தே வேகத்தைக் கூட்டிப் பதிந்து முடித்தான்.

மறுநாள் சிவானந்தம் அதைக் கடைசிவரை கேட்டார். கால் ஆடவில்லை, தலை ஆடவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். டிஸ்கோ கேட்கிற முகமா இது என்று உமாபதிக்கு எரிச்சலாக வந்தது.

“இப்ப சரியா இருக்கு,” என்றார் கடைசியில். “இனிமே மாசாமாசம் நீயே போட்டுக் குடு.”

அன்று சாயங்காலம் உமாபதி அந்த மிக்ஸில் ஒரு பிரதி எடுத்து, கடையின் கேசட் ரேடியோவையும் இரவல் வாங்கிக்கொண்டு எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்தான். கங்கா ஒரு பேசினில் வெந்நீர் வைத்து விரல்களை ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

“நீ இனிமே வேலைக்குப் போவ வேணாம் லா. அண்ணனுக்கு நல்ல எடம் கெடச்சிருச்சி.”

அவள் நம்பாமல் நிமிர்ந்து பார்த்தாள். நீ கேட்டால்தான் நம்புவாய் என்று கேசட்டைப் போட்டான். வீட்டில் அவன் பாட்டுப் போடுவதே இல்லை. விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போகிற பக்கத்து வீட்டுக்காரர்கள் பலகைச் சுவரைத் தட்டுவார்கள். இன்றைக்குத் தட்டினால் தட்டட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

முதல் அடி விழுந்தது. கங்காவின் கைகள் தண்ணீரிலிருந்து எழுந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இடப்பக்கம் எதையோ கிள்ளி எடுத்து வலப்பக்கம் செருகின. மறுபடி எடுத்தன, மறுபடி செருகின. ஒரு அடிகூடப் பிசகவில்லை.

உமாபதி வெகு நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். ஆட்டமென்றால் ஓடி ஒளியும் தங்கச்சியையே அவன் மிக்ஸ் ஆடவைத்துவிட்டதே என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கங்கா சிரிக்கவில்லை. தன் கைகளையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, எங்க ஃபேக்டரி பாட்ட இன்னும் வேகமாக்கிட்டாங்களா?”