ஒருத்தி மட்டும் நின்றாள்

கால்பந்து ஆட்டத்தின் நடுவே, என் மகளின் சிநேகிதி பைப்பர் விழுந்த சத்தம் எங்கள் நாற்காலிகள் வரை கேட்டது.

நடுவர் விசில் ஊதினார். மைதானத்தில் இருந்த பெண்கள் எல்லோரும், இரண்டு அணியும், நின்ற இடத்திலேயே ஒற்றை முழங்காலை ஊன்றி மண்டியிட்டார்கள். ஒருத்தி அடிபட்டுக் கிடந்தால் அவள் எழும்வரை மற்றவர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும். பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரிவதற்கு முன்பே இதைப் பழக்கிவிடுகிறோம்.

எதிர்ப்பக்கத்தில் மாற்று ஆட்டக்காரிகளும் பெஞ்சிலிருந்து எழுந்து மண்டியிட்டார்கள்.

என் மகள் டெஸ்ஸா எழுந்ததோடு சரி. நின்றுகொண்டே இருந்தாள்.

இங்கே பெற்றோர் ஒரு பக்கம், அணியும் கோச்சும் மறுபக்கம். நடுவில் முழு மைதானம். பெற்றோரின் வாய்க்குப் பயந்துதான் இந்த ஏற்பாடு. என் கணவன் கிளின்ட்டின் வாய்க்கு இந்த அகலம் போதாது.

"பாத்தியா, உள்ள எறங்கத் துடிக்கிறா," என்றான். "அந்த ரெனர் பயலுக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

ரெனர்தான் கோச். செப்டம்பர் பாதியிலிருந்து டெஸ்ஸாவை ஒரு நிமிடம்கூட ஆட்டத்தில் இறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், எல்லாருக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்பார். கிளின்ட் அவருக்கு எழுதும் மின்னஞ்சல்களை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவான். போன வாரம் கார் நிறுத்துமிடத்தில் அவர் சட்டையைப் பிடிக்காத குறை.

இன்றைக்கு அவனுக்குக் கூடுதல் எரிச்சல். மூலைக் கொடிக்குப் பக்கத்தில், கல்லூரி அணிகளுக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் காபியோடு நின்றிருந்தார்கள். டெஸ்ஸாவின் எதிர்காலம் அவர்கள் கையில்தான் என்று அவன் முடிவே கட்டியிருந்தான்.

"உங்க பொண்ணு எதுக்கு நட்டமா நிக்கிறா? கீழ கெடக்கிறது அவ சிநேகிதிதானே?" என்றாள் பக்கத்து நாற்காலி ஜெனீன், ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டே.

கிளின்ட்டின் காது சிவந்தது. தன் மகளுக்கு மரியாதை தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அவனுக்கு. கோட்டோரம் போய் நின்று கையைக் கீழ்நோக்கி அசைத்தான். மண்டி போடு.

டெஸ்ஸா அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

"விடு கிளின்ட். பைப்பர் இப்ப எந்திரிச்சிடுவா."

அவன் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினான்.

அப்பா சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லாத பிள்ளை. பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இடது காலை விறைப்பாக முன்னே நீட்டி, வலது காலை மட்டும் மெல்ல மடக்கினாள். பாதி இறங்கியதும் பிடி நழுவியது. இடது முழங்கால் மடங்கவேயில்லை. பக்கவாட்டில் சாய்ந்து புல்லில் விழுந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பைப்பர் எழுந்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். மண்டியிட்ட பெண்கள் எழுந்தார்கள். டெஸ்ஸாவை மட்டும் ரெனர் ஓடிவந்து கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்.

கிளின்ட் கோட்டைத் தாண்டி ஓடினான். பெற்றோர் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது. நடுவர் விசிலை ஊதிக்கொண்டே பின்னால் ஓடினார்.

"ஐயோ, கோச்ச அடிக்கப் போறாரு," என்றாள் ஜெனீன். நானும் அதைத்தான் நினைத்தேன். என் கால்கள் அவன் பின்னால் போகவில்லை.

அவன் அடிக்கவில்லை. டெஸ்ஸாவின் முன்னால் குனிந்து முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். தொளதொளவென்ற முழுக்கால்சட்டைக்குள் கட்டியிருந்த பட்டை கையில் தட்டுப்பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து ரெனரின் நெஞ்சில் விரலை வைத்துக் கத்தினான்.

"காலு இப்படி இருக்கிறது தெரிஞ்சேதான் மறைச்சியா? பெத்தவங்ககிட்ட சொல்லணும்னு தோணலயா உனக்கு?"

ரெனர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். என் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, அந்த மனிதர்.

டெஸ்ஸாதான் கத்தினாள். மைதானம் முழுக்கக் கேட்டது.

"அவரத் திட்டாதீங்கப்பா! அம்மாதான் அவர்கிட்ட சொன்னாங்க. ஒங்ககிட்டதான் சொல்லல."

நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

செப்டம்பரில் ஒருநாள், பள்ளி நடன விருந்துக்கு உடை வாங்கப் போகிறோம் என்று கிளின்ட்டிடம் சொல்லிவிட்டு நாங்கள் போனது மருத்துவரிடம். முட்டிக்குள் இருக்கும் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, இன்னொரு அடி பட்டால் முழுதாக அறுந்துவிடும் என்றார் அவர். அன்றைக்குச் சாயங்காலமே ரெனருக்குப் போன் செய்தேன். அவளை ஆட்டத்தில் இறக்காதீர்கள், ஆனால் காரணம் என் கணவருக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அவனிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரும்வரை என்று கேட்டிருந்தேன். அது வரவேயில்லை.

கிளின்ட் டெஸ்ஸாவை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டான். கல்லூரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தான். என்ன நடந்தது என்று புரியாத சிலர் வழக்கப்படி கைதட்டினார்கள்.

என் முன்னால் வந்து நின்றான். கத்துவான் என்று தயாராக இருந்தேன். இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"தெரிஞ்சிருந்தா நான் எறங்கி ஆடச் சொல்லியிருப்பேன்னா நெனச்சே?"

மருத்துவரிடமிருந்து திரும்பும்போது காரில் டெஸ்ஸா கேட்டதும் இதையேதான். அப்பாவுக்குத் தெரிந்தால் ஆடச் சொல்லுவாரா என்று.

இல்லை என்று அன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.