கயிற்றுக்கு அப்பால்

தொடை வரை சேற்றில் புதைந்து நின்றவள் என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் வீசி ஆட்டினாள்.

ஆடாதே என்று கத்தினேன். அசைய அசைய இந்த உப்புச் சதுப்பு உள்ளேதான் இழுக்கும்.

தீவுச் சரணாலயத்தில் அன்று நான் ஒருத்திதான் காவல். கூட வேலை பார்ப்பவர் காய்ச்சலில் படுத்து நான்கு நாள் ஆகிறது. காலையிலிருந்து மூன்று முறை மணல்மேடுகளை ஏறி இறங்கியதில் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

ஓடையில் கடல்நீர் ஏறத் தொடங்கியிருந்தது. மிஞ்சினால் அரைமணி நேரம்.

கையோடு கொண்டுவந்த மீட்புப் பலகையைச் சேற்றில் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்தேன். அவள் காலைச் சுற்றிக் கையால் தோண்டினேன். தோண்டத் தோண்டச் சேறு வந்து மூடியது.

"குறுக்குவழி இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாருக்கா. அதான் போகக்கூடாதுன்னு கட்டியிருந்த கயித்தைத் தாண்டி வந்துட்டேன்."

"இருந்துச்சும்மா, ஏழு வருஷத்துக்கு முன்னாடி. கடல் தின்னுடுச்சு. நீ பேசாம கால்விரலை மட்டும் ஆட்டு."

ஒரு கால் வந்தது. செருப்பு வரவில்லை.

மறு கால் வருவதற்குள் தண்ணீர் என் முகவாயைத் தொட்டுவிட்டது. அவள் அழவில்லை. என் சட்டைக் காலரை மட்டும் விடவே இல்லை.

உமரிச் செடிகளின் மேல் இருவரும் தவழ்ந்து மேடேறி, மணலில் மல்லாந்து கிடந்தோம். எழுந்திருக்க முடியவில்லை.

ஒருநாள் தன் வீட்டுக்குச் சாப்பிட வந்தே ஆகவேண்டும் என்றாள். சரி என்றேன். பிழைத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். யாரும் விலாசம் தருவதில்லை.

காவல் அறையில் அவளுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். பெயர், வயது, மீட்ட நேரம். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

கணவருக்கு என்று சொல்லி, அவருடைய கைபேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள்.

ஐந்தாவது இலக்கத்தைச் சொன்னதும் அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. விடாமல் நான்கு தும்மல். மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதுவரை சொன்னோம் என்று பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

மீதி ஐந்தையும் என் கை எழுதி முடித்திருந்தது.

ஒன்பது வருடம், கணவர் என்று கேட்ட படிவங்களில் எல்லாம் நான் எழுதிப் பழகிய எண்.

அதைக் கையால் மறைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.