அடுத்த எண்

“கீபோர்டுலேர்ந்து கைய எடு, ரஸ்னா! மூணாவது தடவ லா இது!”

அமீரின் கத்தல் கீழ்த்தளத்துக் காப்பிக் கடைவரை கேட்டிருக்கும். ஈப்போ பழைய நகரின் அந்த மாடி அலுவலகத்தில் வேறு சத்தமே இல்லை.

“அண்ணே, என் ரெண்டு கையும் தே தாரிக் கிளாஸ்ல இருக்கு. கண்ணு தெரியலயா?”

நீண்ட இணைய முகவரிகளை, ஆளுக்கொரு வரிசை எண் கொண்ட சிறு இணைப்புகளாகச் சுருக்கித் தருவதே அவர்கள் நிறுவனத்தின் தொழில். முதலாளி உடையப்பன் வைத்த போட்டி இதுதான்: சுருக்கிய இணைப்பைச் சொடுக்கினால், அது திரும்பவும் தன்னிடமே வந்து நிற்க வேண்டும். அதற்கு, கிடைக்கப்போகும் எண்ணை, சுருக்கக் கொடுக்கும் முகவரியிலேயே முன்னதாக எழுதியாக வேண்டும். எண்கள் வரிசையாக வருவதால் கணிப்பது கடினமன்று. இடையில் வேறொருவர் புகுந்து அதை எடுத்துக்கொள்ளாதிருந்தால் போதும். ஆகவே, ஒருவர் முறையின்போது மற்றவர் விசைப்பலகையைத் தொடக் கூடாது.

அமீர், ரஸ்னா, ஸைஃபுல் மூவரில் வெல்பவருக்கு நிரந்தர வேலை. அமீர் மூன்றாண்டுகளாக ஒப்பந்தத்திலேயே இருந்தான்.

4117 என்று எழுதினான், 4118 கிடைத்தது. 4119 என்று எழுதினான், 4120. இப்போது 4121-உம் போயிற்று.

“தீப்பு பண்ணி, ஏமாத்தித்தான் ஜெயிக்கணுமா? வெக்கமா இல்ல?”

“நாக்க அடக்கிப் பேசுங்க அண்ணே.”

“அப்ப நீயா, ஸைஃபுல்?”

“என்னை ஏன் இழுக்குற மச்சான்? என் லாப்டாப்பு சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு.”

உடையப்பன் தம் மேசையிலிருந்து தலையை உயர்த்தினார். “போதும் லா. திங்கக்கிழமை திரும்ப வெச்சுக்கலாம்.”

“முடியாது பாஸ். என் நம்பரத் திருடுனது யாருன்னு இப்பவே தெரியணும்.”

“அமீர், விடுன்னு சொல்றேன்ல!”

அவன் விடவில்லை. பறிபோன எண்களைச் சுவரிலிருந்த பெரிய திரையில் ஒவ்வொன்றாகத் திறந்தான்.

‘ஆள் தேவை’ என்று தொடங்கிய முதல் விளம்பரத்தில் இருந்தது அமீர் பார்க்கும் வேலை, அடுத்ததில் ரஸ்னாவுடையது, கடைசியில் ஸைஃபுலுடையது.

மூன்றின் அடியிலும் ஒரே வரி: ‘அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். தொடர்புக்கு: உடையப்பன்.’